கண்மாய்க்கரைச் செடிகளை இணையத்தில் பட்டியலிடுவது எப்படி: மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஊர்க் கண்மாயைத் தூர்வார இயந்திரம் வந்து நிற்கிற காலையில், "இந்தக் கரையில் அரிய செடிகள் இருக்கின்றன" என்று வாயால் சொன்னால் எடுபடாது. எந்தச் செடி, எந்த இடம், எந்த நாள், பார்த்தவர் யார், பெயரை உறுதிசெய்தவர் யார் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். யாரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்திலும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பட்டியலை நாகமலை அடிவாரத்தில் ஒரு கண்மாய்க்கும் அதை ஒட்டிய பாறைச் சரிவுக்கும் நாங்கள் நால்வர் செய்தோம். எங்களில் ஒருவர்கூடத் தாவரவியல் படித்தவர் இல்லை. நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். முதல் எட்டு மாத வேலையில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. அதே குழிகளில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறிவியல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் அவற்றை லத்தீன் எழுத்தில்தான் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் தேடுகிறவர் கையில் அகப்படாது.

1. இணையதளத்தை மறந்துவிட்டு எல்லையை வரையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் பிழை, பட்டியலுக்கு முன்னால் இணையதளம் செய்வது. நாங்களும் செய்தோம். வடிவமைப்பாளர் ஒருவரிடம் 11,000 ரூபாய் கொடுத்து அழகான முகப்புப் பக்கம் வாங்கினோம். உள்ளே வைக்க 23 செடிகள்தான் இருந்தன. ஓராண்டில் தளப்பெயரின் தவணை முடிந்தது. அது வடிவமைப்பாளரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்ததால் எச்சரிக்கை எதுவும் எங்களுக்கு வரவில்லை. தளம் போயிற்று. 23 செடிகளோடு போனதே என்று தேற்றிக்கொண்டோம்.

முதலில் வேண்டியது ஓர் எல்லைக்கோடு. மதுரை மாவட்டத் தாவரங்கள் முழுவதும் என்று கிளம்பாதீர்கள். ஒரு காலைப் பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய இடம் போதும்: ஒரு கண்மாய், ஒரு கோவில்காடு, ஒரு பொட்டல், ஓர் ஓடைக்கரை. சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் பரப்பு 193.215 ஹெக்டேர். 2025இல் அறிவிக்கப்பட்ட காசம்பட்டிக் கோவில்காடு, திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் பக்கம் இருப்பது, ஐந்து ஹெக்டேர்கூட இல்லை.

எல்லையைக் கூகுள் எர்த்தில் வரைந்து கோப்பாகச் சேமியுங்கள். பிற்பாடு பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அருமையான கொடி கண்ணில் படும், சேர்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். எல்லை இளகினால் பட்டியல் எந்த இடத்துக்கும் சாட்சி சொல்லாது.

2. அனுமதியும் அதற்கான தாள்களும்

பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் வாய்ச்சொல் போதும். கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கரையில் நடந்து படமெடுக்க யாரும் தாள் கேட்பதில்லை. ஆனாலும் ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு பேர் குனிந்து குனிந்து தரையைப் படமெடுத்தால், நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். எங்களை டீக்கடையில் உட்கார வைத்து அரை மணி நேரம் விசாரித்த பிறகே விட்டார்கள். விசாரித்தவர்களில் ஒருவர்தான் பிறகு எங்களுக்குப் பாதிச் செடிகளின் பெயரைச் சொன்னார்.

கோவில்காடு என்றால் பூசாரியிடம் கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். இலை கிள்ளக்கூடாது என்றால் கிள்ளாதீர்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்தக் காடு இன்னும் நிற்கிறது.

அழகர்மலை, சிறுமலை போன்றவற்றில் பெரும்பகுதி காப்புக்காடு. கோவிலுக்குப் போகிற பாதையில் நடந்தபடி படமெடுப்பது வேறு, பாதையை விட்டு உள்ளே இறங்குவது வேறு. இரண்டாவதற்கு வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செடி பறிப்பது குற்றம். சதுரகிரிப் பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டதால் விதிகள் இன்னும் கடுமை. முதல் பட்டியலுக்கு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

மாவட்ட வன அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தோடு நாங்கள் கொடுத்தவை: நோக்கத்தைச் சொல்லும் ஒரு பக்கம், எல்லை வரைபடம், போகும் நாட்கள், போகிறவர்களின் பெயர்களும் ஆதார் நகல்களும், எதையும் பறிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி, ஒரு கல்லூரித் தாவரவியல் துறையின் அறிமுகக் கடிதம். கடைசித் தாள் இருந்தால் விண்ணப்பம் வேகமாக நகர்கிறது. முதல் கடிதத்தில் நாங்கள் "ஆய்வு செய்ய" என்று மொட்டையாக எழுதிவிட்டோம். என்ன ஆய்வு, மாதிரி எடுப்பீர்களா, ட்ரோன் பறக்குமா என்று கேள்விகள் திரும்பி வந்தன. தவறு எங்களுடையது. எல்லாம் முடிய ஏழு வாரம் ஆயிற்று. ஐப்பசி மழைக்காலத்தில் காட்டுக்குள் போக வேண்டுமானால் ஆவணியிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

3. கருவிகளும் செலவும்

ஜிபிஎஸ் உள்ள செல்பேசி, பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், 15 செ.மீ. அளவுகோல், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், முதல் தூறலிலேயே மை ஓடிவிடும். லென்ஸை 350 ரூபாய்க்கு வாங்கினோம். விலையுயர்ந்த கேமரா இல்லாமலே வேலை நடக்கும். லென்ஸ் இல்லாமல் நடக்காது. ஓராண்டில் நால்வருக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது, முதல் இணையதளத்துக்கு அழுத பணம் நீங்கலாக. பாதிக்கு மேல் பெட்ரோலும் டீயும்.

செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய உலர்தாவரத் தாள் வேண்டுமா என்று கேட்பார்கள். அதுதான் ஆக உறுதியான சான்று, சந்தேகமில்லை. ஆனால் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி, நாள்தோறும் தாளை மாற்றி, பூச்சி வராமல் காத்து, கடைசியில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்தால் இரண்டாம் மழைக்காலத்தில் பூஞ்சைதான் மிஞ்சும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகமும் இருக்கின்றன. எடுத்து வைக்க இடம் உறுதியான பிறகே செடியைத் தொடுங்கள். முதலாண்டில் படம் மட்டும் போதும் என்பது என் கருத்து.

4. படம் எடுக்கும் முறை

பூவை மட்டும் அழகாக எடுத்துக்கொண்டு வருவது எல்லோருக்கும் வரும் ஆசை. பெயர் சொல்பவருக்கு அது உதவாது. ஒரு செடிக்குக் குறைந்தது ஏழு படம்: முழுச் செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், இலை தண்டில் சேரும் இடம், பூவின் முன்பக்கமும் பக்கவாட்டும், காய். மரமானால் பட்டையும். அளவுகோலை ஏதாவது ஒரு படத்தில் வையுங்கள்.

ஏழும் ஒரே செடியில் எடுத்தவையாக இருக்க வேண்டும். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பதும் அதே செடிதானே என்று காயை அதிலிருந்து எடுத்தோம்; இரண்டும் வேறு வேறு துத்திகள் என்று மூன்று மாதம் கழித்து ஒருவர் சுட்டிக்காட்டினார்.

அடுத்த பொறி வாட்ஸ்அப். நண்பர் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கினால், படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடமும் தேதியும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் மாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்த படங்கள் இப்படித்தான் ஊர் பேர் இல்லாமல் வந்து சேர்ந்தன. நன்றாக இருந்த படங்கள் வேறு.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. தனியாகப் போகாதீர்கள்; பாறை முகடுகளில் மலைத்தேன் அடை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். வெல்வெட்டுப் போல மின்னும் காயைக் கண்டால் கை வைக்காதீர்கள், அது பூனைக்காலி. நான் வைத்தேன். அன்று மாலை வரை வேறெதையும் படமெடுக்கவில்லை.

5. பெயர் வைப்பது: பாதி உழைப்பு இங்கேதான்

ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்தவுடன் ஒரு பெயரைச் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத்தரம், அதாவது ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்ற தரம், அடைய, படமும் தேதியும் இடமும் இருக்க வேண்டும்; பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும்; குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இந்த இரண்டாவது ஆளில்தான் நாங்கள் சறுக்கினோம். ஒருவர் செயலி சொன்ன பெயரைப் போடுவார், மற்ற மூவரும் "ஆமாம்" சொல்வோம். பதிவு பச்சை முத்திரை வாங்கிவிடும். ஒரு நாள் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அறுபதுக்கு மேற்பட்ட பதிவுகளில் பெயர் தவறு என்றார். அவையெல்லாம் அதற்குள் ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளம் வரைக்கும் போய்விட்டன. ஒவ்வொன்றாகத் திருத்த இரண்டு மாதம்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். எங்களுக்குள் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் ஒப்புதல் போடுவதானால், எந்த அடையாளத்தைப் பார்த்து ஒப்புகிறார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லையா, பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களுக்கெல்லாம் பொதுவான பெயரோடு, நிறுத்திக்கொள்ள வேண்டும். "துத்திப் பேரினம், இனம் தெரியவில்லை" என்பது நேர்மையான பதிவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெரிந்த செடிதான் அதிகம் ஏமாற்றும். கீழாநெல்லியைத் தெரியாத வீடு மதுரையில் இல்லை. ஆனால் அந்தப் பெயரில் கொண்டுவரப்படுபவை பல இனங்கள். இங்கே அதிகம் கிடைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பழைய புத்தகங்களும் மருந்துப் புட்டிகளும் சொல்லும் ஃபில்லாந்தஸ் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியச் செடிக்கு அந்தப் பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது. மேலாநெல்லி என்று ஆடு மேய்ப்பவர்கள் பிரித்துச் சொல்வது ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். குச்சியைத் திருப்பி, லென்ஸ் வைத்து, குண்டூசித் தலை அளவுப் பூவில் இதழ் ஐந்தா ஆறா என்று எண்ண வேண்டும். அமாரஸுக்கு ஐந்து. வயலில் அதை எண்ணாமல் வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பச்சைப் புள்ளிதான் தெரியும்.

நெருஞ்சியும் அப்படித்தான். தரையோடு படரும் சிறுநெருஞ்சியும் சற்றே நிமிர்ந்து நிற்கும் ஆனைநெருஞ்சியும் இரண்டும் மஞ்சள் பூ, இரண்டும் முள் காய். தாவரவியலில் வேறு வேறு குடும்பம். ஆனைநெருஞ்சித் தழையைத் தண்ணீரில் அலசினால் தண்ணீர் விளக்கெண்ணெய் போலக் குழகுழப்பாகும். கடம்பவனம் என்று பெயரெடுத்த ஊரிலேயே கடம்பு எது, நீர்க்கடம்பு எது என்று மரத்தடியில் நின்று சண்டை போட்டிருக்கிறோம்.

அறிவியல் பெயர்களும் மாறுகின்றன. கேம்பிள் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவரநூலை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அடையாளக் குறிப்புகளுக்கு இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை. பெயர்களுக்கு அதை நம்பாதீர்கள். அதில் அகேசியா லூக்கோஃப்ளோயா என்றிருக்கும் வெள்வேல் இன்று வச்செல்லியா லூக்கோஃப்ளோயா. சீமைக்கருவேல் புரோசோபிஸிலிருந்து நெல்ட்டுமாவுக்குப் போய்விட்டது. பழைய பெயரையும் புதிய பெயரையும் கலந்து எழுதியதில் எங்கள் பட்டியலில் வெள்வேலும் கருவேலும் இரண்டிரண்டு முறை எண்ணிக்கையில் ஏறியிருந்தன. எண்ணிக்கை கூடக்கூட எங்களுக்குப் பெருமை வேறு. கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் உலகத் தாவரங்கள் தளத்தில் ஒவ்வொரு பெயரையும் போட்டு, இன்று ஏற்கப்பட்ட பெயர் எது என்று பாருங்கள். அதை உங்கள் அட்டவணையின் ஒரு பத்தியிலும், பெயர் சொன்னவர் முதலில் சொன்னதை வேறொரு பத்தியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேண்டும்.

தமிழ்ப்பெயரை அகராதியிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். அந்த ஊரில் அந்த ஆள் என்ன சொன்னார் என்பதைத்தான் எழுத வேண்டும். ஒரே மரத்தை ஒருவர் வாதநாராயணன் என்பார், அடுத்த ஊரில் வாதமடக்கி என்பார்கள். இரண்டையும் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். எங்களுக்குப் பெயர் சொன்னவர்களில் தேறியவர் ஆட்டுக்கிடை போட வந்திருந்த ஒரு கீதாரி. ஆடு தின்னும் செடி, தின்னாத செடி என்று இரண்டே பிரிவு, ஆனால் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் சொன்ன மருந்துக் குறிப்புகளை நாங்கள் இணையத்தில் போடவில்லை. அவை அவருடைய சொத்து. தப்பான செடியைப் பார்த்து யாராவது கஷாயம் வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு.

6. தாளை ஒழுங்காகப் போடுவது

கணக்கெழுதுகிறவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கூகுள் ஷீட்ஸ் என்ற இணைய அட்டவணைத் தாள் போதும், செலவில்லை. ஒரு வரி என்பது ஒரு பார்வை: ஒரு நாளில், ஓரிடத்தில், ஒரு செடி. இனத்துக்கு ஒரு வரி என்று போட்டால் ஆவாரை எந்த மாதம் பூத்தது, எத்தனை இடத்தில் இருந்தது என்பதெல்லாம் தொலைந்துவிடும். பத்திகளின் தலைப்புக்கு டார்வின் கோர் என்ற உலகத் தரம் இருக்கிறது. அந்த ஆங்கிலத் தலைப்புகளை எழுத்து மாறாமல் அப்படியே வையுங்கள். பிறகு எந்தத் தளத்துக்கு ஏற்றினாலும் அது புரிந்துகொள்ளும். நாங்கள் சொந்தமாகத் தலைப்பு வைத்துவிட்டு, 900 வரிகளை மீண்டும் மாற்றினோம்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2024-11-05. வேறு மாதிரி எழுதினால் நவம்பர் 5 என்பதைத் தாள் தானாகவே மே 11 ஆக்கிவிடும். நவம்பரில் பூத்த செடி அக்கினி வெயிலில் பூத்ததாகக் காட்டும்.

இடத்தைத் தசம பாகையில் நான்கு இலக்கம் வரை எழுதுங்கள். நான்காம் இலக்கம் சுமார் 11 மீட்டர். அதற்கு மேல் எழுதினால் செல்பேசிக்கே தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதாகும். மதுரை ஏறக்குறைய வடக்கு 9.92, கிழக்கு 78.12. இரண்டையும் மாற்றிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். எங்கள் உசிலை மரம் ஒன்று இரண்டு வாரம் அங்கே நின்றது.

தமிழ்ப் பெயர்களை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்தால் பழைய பாமினி எழுத்துருவில் வரக்கூடும். தாளில் ஒட்டினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும்.

7. எங்கே ஏற்றுவது, எந்த உரிமத்தில்

முதல் தளம் ஐநேச்சுரலிஸ்ட். உங்கள் எல்லைக்கோட்டைப் போட்டு ஒரு திட்டப்பக்கம் திறந்தால், அந்த எல்லைக்குள் யார் பதிந்தாலும் அங்கே சேரும். இந்தியப் பல்லுயிர் வலைவாசலும் நல்லது. நம் நாட்டுச் செடிகளில் பழகியவர்கள் அங்கே பார்க்கிறார்கள்.

ஜிபிஃப் தரவுத்தளத்துக்கு நேராகவே அனுப்பலாம் என்று நினைத்தோம். அது நிறுவனங்களைத்தான் வெளியிடுவோராகச் சேர்க்கும். தனி ஆட்களுக்கு வழி ஐநேச்சுரலிஸ்ட்தான்: ஆய்வுத்தரம் அடைந்தவை, உரிமம் சரியாக இருந்தால், தாமாகவே அங்கே போய்ச் சேரும்.

அந்த உரிமத்தைக் கணக்குத் தொடங்கும் அன்றே சரி செய்யுங்கள். "உரிமை எல்லாம் எனக்கே" என்று வைத்தால் பதிவு வெளியே போகாது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற வகைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஜிபிஃபுக்குப் போதும், ஆனால் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் அதை ஏற்காது. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் படத்தைப் பயன்படுத்த முடியாமல் போகும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தையே நாங்கள் தேர்ந்தோம். படமெடுத்த எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். நட்பு இருக்கும்போது வாங்குவது எளிது.

நட்டு வளர்த்தவற்றை "வளர்க்கப்பட்டது" என்று குறியுங்கள். கரையில் நட்ட தூங்குமூஞ்சி மரமும் கோவில் வாசல் அரளியும் காட்டுச் செடிகளோடு கலந்தால் பட்டியலின் மானமே போய்விடும்.

8. மறைக்க வேண்டியதை மறையுங்கள்

பாதுகாக்கத்தான் பட்டியல். அதுவே திருடனுக்கு வழிகாட்டக்கூடாது. சந்தன மரம், ஊறுகாய்க்காகத் தோண்டப்படும் மாகாளிக்கிழங்கு, கிழங்குக்காகவே பிடுங்கப்படும் செங்காந்தள் ஆகியவற்றின் சரியான இடத்தை வெளியே காட்டாதீர்கள். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல் அகலமான கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். அழிவாய்ப்புள்ளவை என்று குறிக்கப்பட்ட இனங்கள் பலவற்றை அதுவே மறைத்துவிடும், ஆனால் உள்ளூர் ஆபத்து அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

புள்ளியை மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். பிறகுதான் கவனித்தோம்: எங்கள் சொந்தத் தளத்தில் போட்ட படத்தைத் தரவிறக்கினால் அதற்குள்ளேயே ஜிபிஎஸ் எண் முழுதாக உட்கார்ந்திருந்தது. குறிப்பில் வேறு "கருப்பசாமி கோவிலுக்குப் பின்னால் இரட்டைப் பாறை" என்று ஒருவர் அன்போடு எழுதி வைத்திருந்தார். சொந்தத் தளத்தில் போடும் படங்களிலிருந்து உள்தரவை நீக்கிவிடுங்கள். சரியான இடம் உள்ள தாளை இரண்டு பேர் மட்டும் திறக்கும்படி தனியே வையுங்கள்.

9. இனி இணையதளம்

இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு. தளப்பெயரை உங்கள் குழுவின் மின்னஞ்சலில், உங்கள் கையாலேயே வாங்குங்கள். எங்களுக்கு ஆண்டுக்கு 900 ரூபாய் ஆகிறது. கிட்ஹப் பேஜஸில் எளிய பக்கங்களை இலவசமாக வைக்கலாம். இனத்துக்கு ஒரு பக்கம்: பெயர்கள், ஏழு படங்கள், பூத்த மாதங்கள், பார்த்த எண்ணிக்கை. அவ்வளவுதான். நகரும் படங்களும் பின்னணி இசையும் கிராமத்தில் ஒரு கோடு சிக்னலில் திறக்காது. கூகுள் டிரைவில் 15 ஜிபி வரைதான் இலவசம். படங்கள் ஓராண்டில் அதை நிரப்பிவிடும், தனி வன்தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை தாளை, ஆய்வுத் தரவுகளைச் சேமித்து வைக்கும் ஜெனோடோ தளத்தில் ஏற்றி நிலையான அடையாள எண் வாங்குங்கள். செலவில்லை. தளம் போனாலும் அது நிற்கும்.

10. காலக்கணக்கும் ஒப்படைப்பும்

ஓராண்டுக்குக் குறைந்து எந்தப் பட்டியலும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சிறுசெடிகள். மார்கழி, தையில் அவற்றின் பூவும் காயும். மாசியில் தண்ணீர் வற்ற வற்றக் கண்மாய்த் தரையில் முளைப்பவை வேறு கூட்டம். பங்குனி, சித்திரையில் மரங்கள். கோடை மழை பெய்தால் மூன்றாம் நாளே கிழங்குச் செடிகளைப் பார்க்கப் போய்விடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பூத்தண்டு வாடிக் கிடந்ததைப் படமெடுத்திருக்கிறோம். மாதம் இரண்டு நடை, காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு நடைக்கு வீட்டில் நான்கு மணி நேரத் தாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பெருகினால் நடையைக் குறையுங்கள், தாளைக் குறைக்காதீர்கள்.

உள்ளாட்சி ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு அந்தக் குழுவின் பொறுப்பு. பட்டியலை அச்சிட்டு, படங்களோடு கட்டி, ஊராட்சியில் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். நாங்கள் கொடுத்த பிரதி ஊராட்சி அலுவலக மேசையில் கிடக்கிறது. கரை வேலைக்கு மதிப்பீடு போட வந்த பொறியாளர் அதைப் புரட்டிவிட்டு, தென்கரையில் மண் எடுக்கும் இடத்தை அறுபது அடி தள்ளிக் குறித்தார்.

எங்கள் பட்டியலில் இன்று 214 பெயர்கள். பெயரில்லாமல் நிற்கும் 37இல் முப்பது புற்கள். பூங்கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் புல்லுக்குப் பெயர் வராது. இலை தண்டைத் தழுவும் இடத்தில் நாக்குப் போல நிற்கும் சவ்வை, இலையைச் சற்றே பின்னால் மடக்கி, லென்ஸை செல்பேசி மேல் வைத்து எடுக்க வேண்டும். ஒருவர் மடக்க, ஒருவர் எடுக்க, மூன்றாமவர் காற்றை மறைத்து நிற்க வேண்டும். இந்த வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.